மகள் கேட்டது ஒன்று, அப்பா சொன்னது வேறொன்று

கிறிஸ் ராக் அமெரிக்காவின் பெயர்பெற்ற கறுப்பின நகைச்சுவைக் கலைஞர். தனக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று அவருடைய சின்ன மகள் ஒருநாள் கேட்டாளாம். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது, ஜெஃப் ஸ்டில்சன் இயக்கத்தில் 2009இல் வெளியான ‘குட் ஹேர்’ ஆவணப்படம். அழகு நிலையங்கள், அட்லாண்டாவில் நடக்கும் முடியலங்காரப் போட்டி, ரசாயனக்கூடம், இந்தியக் கோயில் என்று ராக் சுற்றிவருகிறார். சிரிப்புக்குக் குறைவில்லை. படம் முடிந்தபோது எனக்கு அந்தக் குழந்தையின் நினைவுதான் வந்தது. அவளுக்குப் பதில் கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

படத்தின் வலுவான காட்சி ரிலாக்ஸர் பற்றியது. சுருட்டை முடியை நேராக்கும் களிம்பு அது. அவற்றில் பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. முடிக்குள் உள்ள பிணைப்புகளை உடைத்துத்தான் அது சுருளை எடுக்கிறது. அதே ரசாயனத்தில் போட்ட அலுமினிய டப்பா கரைந்துபோவதைப் பார்த்துப் பதறுகிறோம். ஆனால் படம் அந்தப் பதற்றத்தோடு நிற்பதில்லை. முடிதிருத்தும் கடையில் ஆண்கள் உட்கார்ந்து, பெண்களின் முடிக்கு ஆகும் செலவைப் பற்றியும் அந்த முடியைத் தொடவிடுவதில்லை என்றும் குறைப்படுகிறார்கள். பெண்ணின் தலை எரிவது ஆணின் பர்ஸ் பிரச்சினையாகிவிடுகிறது.

ஏன் இதைச் செய்துகொள்கிறீர்கள் என்று படம் பெண்களைக் கேட்கிறது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே அழுத்தத்தோடு கேட்கவில்லை. 1786இல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தபான் மிரோ, அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூட வேண்டும் என்று ஆணையிட்டார். 1981இல், வரிவரியாகப் பின்னிய சடைக்குத் தடைவிதித்த விமான நிறுவனத்துக்கு எதிராக அதன் பெண் ஊழியர் தொடுத்த வழக்கில், நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. கலிபோர்னியா முதல் மாநிலமாக ‘கிரவுன்’ சட்டம் இயற்றி, முடியின் தன்மையையும் சடையையும் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்குவதைத் தடுத்தது 2019இல். படம் வந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு! நேரான முடி பலருக்கு வேலைக்கான நிபந்தனையாக இருந்தது. அதை வீண் ஆடம்பரம் போலக் காட்டுவது நியாயமில்லை.

அந்த நிபந்தனையின் விலை இப்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2022இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 33,497 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டார்கள். முடி நேராக்கும் பொருட்களையே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருபவர்கள் 1.64 சதவீதம் என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் அது கணக்கிட்டது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிரூபிப்பதல்ல. என்றாலும் அந்த அலுமினிய டப்பாவைப் பார்த்து இனிச் சிரிக்க முடியாது.

படத்தின் பெரிய குறை வேறு. ஒன்றரை மணி நேரம் முடியைப் பற்றிப் பேசுகிறது. சுருள்முடியை எப்படிப் பராமரிப்பது என்பதற்கு ஏறக்குறைய இடமே தரவில்லை. தலைச்சருமத்தில் சுரக்கும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் தானே இறங்கிவிடும். இறுக்கமான சுருளில் நுனிவரை போய்ச் சேராது. முடி வறளும், ஒவ்வொரு வளைவும் ஒடியும் இடமாகும். வேரில் வளர்ந்துகொண்டே இருந்தாலும் நுனியில் ஒடிந்துகொண்டே இருப்பதால் நீளம் தெரிவதில்லை. ‘எங்களுக்கு முடி வளராது’ என்ற நம்பிக்கைக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான். இதற்கு வளர்ச்சித் தைலம் தேவையில்லை. ஈரமாக இருக்கும்போது கண்டிஷனர் தடவி, விரலாலோ அகலப்பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். ஈரப்பசை போகாமல் மேலே எண்ணெய் பூச வேண்டும். இரவில் தலையணை உரசாமல் சாட்டின் துணி கட்டிக்கொள்ள வேண்டும். நெற்றியோரம் வலிக்கும்படி இறுக்கிப் பின்னக் கூடாது; அந்த இழுவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் போன முடி திரும்ப முளைக்காது.

படம் இந்தியாவுக்கு வரும் இடம் நம்மைத் தொடுகிறது. திருமலையில் வேண்டுதலுக்காக மொட்டை போடும் பெண்ணின் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அவளுக்கு அதில் பங்கில்லை. அதே படத்தில் ராக் ஒரு பை நிறையக் கறுப்பினத்தவரின் முடியோடு கடை கடையாக ஏறி இறங்குகிறார், வாங்க ஆளில்லை. சிரிக்கவைக்க எடுத்த காட்சி. எனக்குப் படத்திலேயே கொடுமையான காட்சி அதுதான். ஒருத்தியின் முடிக்குக் கிடைக்கும் விலை அவளைச் சேர்வதில்லை. இன்னொருத்தியின் முடிக்கு விலையே இல்லை. நீண்டு நேராகத் தொங்கும் கூந்தலே அழகு என்று நாமும்தான் சொல்கிறோம். நம் வீட்டுச் சுருட்டைமுடிப் பெண்ணைப் ‘பரட்டை’ என்று கூப்பிடுகிறோம். அந்தத் தராசைப் பிடித்திருக்கும் கைகளில் நம் கையும் உண்டு.

தலைக்கு மேலே இருப்பதைவிட உள்ளே இருப்பதே முக்கியம் என்று மகள்களுக்குச் சொல்லி ராக் முடிக்கிறார். அறிவுரை நல்லதுதான். ஆனால் குழந்தை கேட்டது மேலே இருப்பதைப் பற்றி. ‘உன் முடி நல்ல முடிதான். இதை இப்படித்தான் சிக்கெடுக்கணும், உட்காரு’ என்று யாராவது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சீப்பைப் பிடிக்கும் அந்தக் கை அப்பாவின் கையாகவும் இருக்கலாம்.