கொலைக்களக் காதையில் ஆணை அதிகாரமும் விசாரணையின்மையும்

முன்னுரை

சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகள், மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் புகழாகப் பதிவுசெய்கின்றன. அவ்வூர் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கின் எல்லை மலையில், பாண்டியன் ஒருவனின் பிழையால் கணவனை இழந்த கண்ணகியின் கோட்டமாக மங்கலதேவி கோயில் வழங்குகிறது. அப்பிழைக்கு ஊழ்வினை, பொற்கொல்லனின் வஞ்சகம், மன்னனின் அவசரம் ஆகியனவே பெரிதும் காரணமாகக் கூறப்படுகின்றன. எனினும், மன்னனின் அதிகாரம் காவலர் கைக்கு மாறிய முறையிலேயே பிழை வேர்கொண்டுள்ளது என்பதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை உணர்த்துகிறது.

நிபந்தனையும் இடைவெளியும்

ஊடிய தேவியைக் காணச் செல்லும் வழியில் மன்னன் ஊர்காவலரை அழைத்து ஆணையிடுகிறான். அவ்வாணை நிபந்தனையுடையது: தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருந்தால் மட்டுமே கொலை. ஆனால் அது தேவியின் சிலம்புதானா என்று தேர்பவர் யார் என்பதை ஆணை சொல்லவில்லை. அவ்விடைவெளியைப் பொற்கொல்லன் நிரப்புகிறான். குற்றம் சாட்டுபவன், சாட்சி, பொருளின் தன்மையறிந்து கூறுபவன் என்னும் மூன்று நிலைகளும் ஒருவனிடமே சேர்கின்றன. உண்மையில் தேவியின் சிலம்பைத் திருடியவனும் அவனே.

காவலரின் ஐயம்

கோவலனின் தோற்றம் கொலைக்குரியவனுடையதன்று என்று காவலர் ஐயுறுகின்றனர். மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்னும் நூற்செய்தியைக் கூறிப் பொற்கொல்லன் அவ்வையத்தை மறுக்கிறான். இளங்காவலன் ஒருவன், கள்வன் தப்பினால் மன்னன் ஒறுப்பான் என அஞ்சுகிறான். கோவலனை அவைக்கு அழைத்துச் செல்லலாம் என்று எவரும் கூறவில்லை. இறுதியில் கல்லாத ஒருவன் வாளை வீசுகிறான். காவலர்க்கு ஐயம் இருந்தது. அதை மன்னனிடம் கொண்டுசேர்க்கும் வழி ஆணையில் இல்லை.

மறுப்பும் விடையும்

இது இக்காலச் சட்டக் கருத்தைக் காப்பியத்தின்மீது ஏற்றுவதாகும் எனச் சிலர் மறுக்கலாம். பராந்தக நெடுஞ்சடையனின் 3ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேடு இதற்கு விடையாகும். களப்பிரர் காலத்தில் பறிபோன ஊரை மீட்டுத் தருமாறு முறையிட்டவனிடம், அவ்வுரிமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பிக்குமாறு மன்னன் கூறுகிறான். மெய்ப்பித்த பின்னரே ஊர் வழங்கப்படுகிறது. காலத்தால் காப்பியத்தினின்றும் வேறுபடினும், விசாரணை என்னும் கருத்து பாண்டிய அரசியலுக்கு அயலானதன்று என்பதை இது காட்டுகிறது. காப்பியமும் இதை அறியும். வழக்குரை காதையில் சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் ஒரே சோதனை உண்மையை வெளிப்படுத்துகிறது. அது கொலைக்கு முன்னரும் இயன்றதே. கைதானவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப் பணிக்கும் இந்திய அரசமைப்பின் 22ஆம் உறுப்பும், கைது நெறிமுறைகளை வகுத்த 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பும், பிடிப்பவரே தீர்ப்பவராகாமல் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டவை.

முடிவுரை

தானே கள்வன் எனக் கூறி மன்னன் உயிர்விடுவதோடு நீதி நிறைவுறுவதாகக் கொள்வது வழக்கம். ஆனால் அவனுக்குப்பின் வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டதை நீர்ப்படைக் காதை கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்திற்கு ஒரு தொழிற்குடியினர் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். அரசன் மாறினான், ஆணையின் இயல்பு மாறவில்லை. எனவே, நெடுஞ்செழியனின் இறப்பை நீதியின் நிறைவாகக் கொள்ளும் வாசிப்பு மறுபரிசீலனைக்கு உரியது.