ஸ்கெலெட்டரின் முகம்

'மாஸ்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்' கதையைப் பலர் பலவிதமாக எடுத்துவிட்டார்கள். எது தேறும் என்று பார்க்க நான் நாயகன் ஹீ-மேனிடம் போவதில்லை, மண்டையோட்டு முகம் கொண்ட வில்லன் ஸ்கெலெட்டரிடம்தான் போவேன். வீரனைத் தோளும் வாளும் தூக்கி நிறுத்திவிடும். சதையில்லாத மண்டையோட்டை நடிக்க வைப்பதில்தான் கைத்திறன் தெரியும்.

1982இல் மேட்டல் நிறுவனம் விற்ற பொம்மையோடு ஒரு குட்டிப் புத்தகமும் வந்தது. அல்ஃப்ரெடோ அல்கலா வரைந்த அந்த முதல் கதைகளில், பின்னாளில் ஹீ-மேனாக உருமாறும் இளவரசன் ஆடம் கிடையாது. ஹீ-மேன் காட்டுக் குடியில் பிறந்தவன். அடர்ந்த நிழலுக்குள் நிற்கும் ஸ்கெலெட்டர் நிஜமாகவே அச்சமூட்டுவான்.

மறு ஆண்டே ஃபில்மேஷனின் கார்ட்டூன் அந்த அச்சத்தைத் துடைத்துவிட்டது. செலவைக் குறைக்க ஒரே ஓட்டத்தையும் ஒரே குத்தையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆனாலும் ஆலன் ஓப்பன்ஹைமரின் கீச்சுக்குரல் இருந்ததே! தோற்றுத் தோற்று எரிச்சலடைந்து, கூட்டாளிகள்மேல் பாயும் அந்தக் குரலுக்காகவே 130 அத்தியாயங்களையும் பார்க்கலாம். தூர்தர்ஷனில் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

1987இல் வந்த திரைப்படத்தைப் பலர் ஒதுக்குகிறார்கள். கதையைப் பெரும்பாலும் பூமிக்கு இழுத்து வந்ததும், பணம் தீர்ந்துபோய் இறுதிச் சண்டையை இருட்டில் முடித்ததும் குறைகள்தான். ஆனால் ஃபிராங்க் லாங்கெல்லாவைப் பாருங்கள். பிராட்வே மேடையில் டிராகுலாவாக நின்றவர். ஹீ-மேன் பைத்தியமான தன் மகனுக்காக இந்த வேடத்தை ஏற்றவர். கனத்த ஒப்பனைக்குள் அவருக்கு மிஞ்சியது கண்ணும் குரலும்தான். குரலைத் தாழ்த்தி, சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, மேலங்கி புரளத் திரும்புகிறார். ஹீ-மேனை மண்டியிடச் சொல்லும் காட்சியில் அவர் கேட்பது வெற்றியை அல்ல, வணக்கத்தை. நாடே கைக்கு வந்தபின்னும் அந்த ஒருவனின் வணக்கம் கிடைக்காத தவிப்பு அவர் குரலில் இருக்கிறது. பொம்மைக் கதையில் வேறெந்த நடிகரும் இவ்வளவு ஆழம் போனதில்லை.

2002ஆம் ஆண்டுத் தொடர் அந்த முகத்துக்கு ஒரு முற்கதை தந்தது: ஸ்கெலெட்டராக மாறுமுன் கெல்டார் என்ற பெயரில் இருந்தவன் வீசிய அமிலம், எதிராளி ராண்டரின் கேடயத்தில் பட்டு வீசியவன் முகத்துக்கே திரும்புகிறது. நேர்த்தியான கற்பனை, எனக்கு அதுவே இரண்டாமிடம். 2021இல் வந்த தொடரில் ஸ்கெலெட்டருக்கு மார்க் ஹாமில் தந்த குரலில் திறமைக்குக் குறைவில்லை. தொடரின் கவனம்தான் வீராங்கனை டீலாவின் பக்கம் இருந்தது.

முதலிடம் லாங்கெல்லாவுக்கே. படம் முழுக்கப் பார்க்கப் பொறுமை இல்லாவிட்டால், சிம்மாசன மண்டபக் காட்சிகளை மட்டுமாவது பாருங்கள்.