எடை குறைந்த காருக்கு எந்த எஞ்சின்?

ஒரு காரின் எஞ்சின் தேய்ந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு வேறோர் எஞ்சின் பொருத்த வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றுதான்: "இடம் கொள்ளுமானால், எதற்குக் குதிரைத்திறன் அதிகமோ அதைப் போடு." மோட்டார் இதழ்களும் விளம்பரங்களும் இதையே பல்லாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றன. கனமான காரில் இந்த விடையின் குறை உடனே வெளியே தெரிவதில்லை. அரை டன் எடையுள்ள ஸ்போர்ட்ஸ் காரில் அது முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். எனவே இந்த விடை சரிதானா என்பதை அத்தகைய ஒரு காரை வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

பெட்டியில் வந்த கார்

லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன் 1957-இல் இங்கிலாந்தில் 'செவன்' என்னும் காரை வெளியிட்டார். எதையும் எளிமையாக்க வேண்டும், பிறகு அதன் எடையைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு சட்டகம், அதன்மேல் அலுமினியத் தகடு, இரண்டு இருக்கைகள், நான்கு சக்கரங்கள். கதவும் இல்லை, நிலையான கூரையும் இல்லை. மொத்த எடை ஏறத்தாழ அரை டன்.

இதைப் பலர் முழுக் காராக வாங்கவில்லை. உறுப்புகளாக வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே பொருத்திக்கொண்டனர். இப்படிப்பட்டவற்றைக் 'கிட் கார்' என்பார்கள். அன்றைய பிரிட்டனில் முழுமையான காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி, உறுப்புகளாக விற்ற காருக்கு இல்லை என்பதே இதற்குக் காரணம். 'பொருத்தும் முறை'யை அச்சிட்டுத் தரக் கூடாது என்று விதி இருந்ததால், லோட்டஸ் 'பிரிக்கும் முறை'யை அச்சிட்டுத் தந்தது என்றும், வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக் காரைப் பூட்டினார் என்றும் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1973-இல் அந்த வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்தது, சலுகையும் மறைந்தது. அதே ஆண்டில் செவனைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அது இன்றும் அந்தக் காரைச் செய்துவருகிறது.

நம் ஆராய்ச்சிக்கு இந்தக் கார் ஏற்றது. ஏனெனில் அதன் உருவம் அதிகம் மாறவில்லை. எஞ்சின் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1957-இல் ஃபோர்டின் 1,172 கன செ.மீ. எஞ்சின் தந்தது ஏறத்தாழ 40 குதிரைத்திறன். கேட்டர்ஹாம் காலத்தில் ஃபோர்டின் 1,600 கன செ.மீ. எஞ்சின் 84 குதிரைத்திறன் தந்தது. 1993-இல் வாக்ஸ்ஹால் இரண்டு லிட்டர் எஞ்சின் 250 குதிரைத்திறன் வரை போனது. பின்னர் வந்த '620 ஆர்' வகையில் 310! ஒரே காருக்கு நாற்பதும் உண்டு, முந்நூற்றுப் பத்தும் உண்டு. இவற்றில் எது அந்தக் காருக்குப் பொருந்தியது?

குதிரைத்திறன் சொல்லாதது

குதிரைத்திறனைத் தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. அதைக் காரின் எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் விவரம் அறிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு கண்கட்டு உண்டு. 1999-இல் வெளிவந்த 'ஆர் 500' என்ற செவனுக்கு 230 குதிரைத்திறன், 460 கிலோ எடை. டன்னுக்கு 500 குதிரைத்திறன் என்று பெயரிலேயே பறைசாற்றினார்கள். 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஒருவர் அதில் ஏறி அமர்ந்ததும் அந்த 500 என்பது 430 ஆகிவிடுகிறது. கார் இலேசாக இருந்தால் ஒவ்வொரு கிலோவும் கணக்கில் வரும். 70 கிலோ கூடுதல் எடை, ஒன்றரை டன் காரில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அரை டன் காரில் பதினான்கு.

ஆகவே கனமான எஞ்சினைப் போட்டுக் குதிரைத்திறனைக் கூட்டுகிறவர், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்கிறார். அந்தக் கூடுதல் எடை காரில் எந்த இடத்தில் ஏறுகிறது என்பது இதைவிடப் பெரிய கேள்வி.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் நன்றாகத் தெரியும். மூட்டைகளின் எண்ணிக்கை ஒன்றேயானாலும், அடுக்கிய இடம் தவறினால் வண்டி மாட்டின் கழுத்தை அழுத்தும். இல்லாவிட்டால் மேல்நோக்கித் தூக்கும். காருக்கும் இதே நியாயம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செவனின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 2.25 மீட்டர். பழைய எஞ்சினைவிட 80 கிலோ கூடுதலான எஞ்சினைப் பொருத்துகிறோம் என்று கொள்வோம். அந்தக் கூடுதல் பாரம் முன் அச்சுக்கு 0.3 மீட்டர் பின்னால் விழுவதாக வைத்துக்கொள்வோம். நெம்புகோல் விதிப்படி முன் அச்சின்மேல் ஏறுவது 80 × 1.95 ÷ 2.25, அதாவது 69 கிலோ. பின் அச்சுக்குப் போவது 11 கிலோதான். முன்னே 250, பின்னே 250 என்று சரிபாதியாக நின்ற கார் இப்போது முன்னே 319, பின்னே 261 என்று நிற்கிறது. நூற்றுக்கு ஐம்பதாக இருந்த முன்பாரம் ஐம்பத்தைந்து ஆகிவிட்டது.

இதனால் என்ன கெட்டுவிடும்? டயரின் மேல் பாரம் ஏறினால் அதன் பிடிமானமும் ஏறும். ஆனால் பாரம் ஏறும் அதே விகிதத்தில் ஏறாது. ஆகவே வளைவில் முன் டயர்களே முதலில் வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகப் பார்க்கும். வளைவுகளுக்காகவே பிறந்த காருக்கு இதைவிடப் பெரிய ஊனம் வேண்டியதில்லை.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. எம்.ஜி. நிறுவனம் 1962-இல் வெளியிட்ட 'எம்.ஜி.பி.' என்னும் ஸ்போர்ட்ஸ் காரின் கதையைப் பாருங்கள். அதில் 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சின் இருந்தது. வேகம் போதாது என்று 1967-இல் அதே உடலில் 2.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இரும்பு எஞ்சினைப் பொருத்தி 'எம்.ஜி.சி.' என்று விற்றார்கள். குதிரைத்திறன் 95-இலிருந்து 145 ஆயிற்று. ஆனால் எஞ்சின் எடை ஏறத்தாழ 95 கிலோ கூடிவிட்டது. முன் சக்கரத் தொங்கலமைப்பையே மாற்ற வேண்டி வந்தது. மூக்குக் கனத்த கார் என்ற பழிச்சொல்லோடு 1969-இல் அது நின்றுபோயிற்று. 1973-இல் அதே உடலில் ரோவரின் 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். சிலிண்டரும் கூடுதல், கொள்ளளவும் கூடுதல். ஆனாலும் மூக்குக் கனக்கவில்லை. காரணம், அது அலுமினிய எஞ்சின். பழைய நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிட எடை மிகவில்லை. குதிரைத்திறன் 137, எம்.ஜி.சி.யைவிடக் குறைவு. இருந்தும் இதுவே பொருத்தமான மாற்றம் என்று பெயர் பெற்றது. எஞ்சினின் 'பெருமை'யை லிட்டரால் அளப்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது?

எடைதான் சிக்கல் என்றால் மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் போட்டுவிட்டால் என்ன? இந்த எண்ணமும் பலருக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி ஹோண்டா மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் செவனில் ஏறின. எடை குறைவு, குதிரைத்திறன் மிகுதி. பிறகென்ன குறை?

குதிரைத்திறன் என்பது முறுக்கு விசையும் சுழற்சி வேகமும் சேர்ந்த பெருக்கல். 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை நிமிடத்துக்கு 5,000 சுற்றில் 52 கிலோவாட் தரும். 10,000 சுற்றில் ஏறத்தாழ 105 கிலோவாட் தரும். எஞ்சின் திருகும் வலிமை மாறவில்லை. அது வேகமாகத் திருகுகிறது, அவ்வளவே. கியர் விகிதத்தைத் தக்கபடி அமைத்து அந்தச் சுழற்சியைச் சக்கரத்தில் வலிமையாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓட்டுநர் எஞ்சினை எப்போதும் உச்சத்தில் அலற வைத்துக்கொண்டிருக்க வேண்டும். பந்தயத் தடத்தில் அது இன்பம். கடைத்தெரு நெரிசலில் தலைவலி. மேலும், மோட்டார் சைக்கிளின் கிளட்ச் அதைப்போல இரு மடங்கு எடையுள்ள காரை நகர்த்துவதற்கென்று செய்யப்பட்டதன்று. அதன் கியர்ப் பெட்டியில் பின்னே செல்லும் கியரும் இராது. தடத்துக்கு மட்டும் கார் வேண்டுமென்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். சாலைக்கு வேண்டுமென்றால் யோசியுங்கள்.

காற்று கேட்கும் விலை

செவனின் உருவம் காற்றைக் கிழித்துச் செல்லும் உருவமன்று. சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன. முகப்பு விளக்குகள் கம்பங்களில் நிற்கின்றன. மிகு வேகத்தில் காற்றின் தடையை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மூன்றாம் படியாக ஏறும். திறனை இரட்டித்தால் உச்ச வேகம் கால் பங்குக்குச் சற்று மேல் மட்டுமே கூடும். கேட்டர்ஹாம் தரும் கணக்குப்படி, 84 குதிரைத்திறன் கொண்ட '170' வகை மணிக்கு 105 மைல் போகும். 310 கொண்ட '620 ஆர்' 155 மைல் போகும். திறன் 3.7 மடங்கு ஏறியும் வேகம் ஒன்றரை மடங்குதான்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும் காரின் இயக்க ஆற்றலோ இரண்டேகால் மடங்கு. அத்தனையையும் பிரேக்குகள் வெப்பமாக மாற்றித் தீர்க்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் செவனுக்கு 1,500 கன செ.மீ. எஞ்சின் வந்தபோது முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது இதனால்தான். எஞ்சின் மாறினால் பிரேக், கிளட்ச், ரேடியேட்டர், பின் அச்சு எல்லாமே மாறியாக வேண்டும். கொட்டகையில் தனியாக நின்று கார் பூட்டுகிறவருக்கு இதைச் சொல்லாமல் குதிரைத்திறனை மட்டும் சொல்லும் விளம்பரம், பாதி உண்மையைச் சொல்கிறது. மறுபாதியை அவர் சாலையில் தெரிந்துகொள்ள நேரிட்டால், விலை கொடுப்பது அவருடைய உடல்.

மூன்று தேர்வுகள், ஒரு தீர்ப்பு

செவனில் ஏறிய எஞ்சின்களில் மூன்றை எடைபோடுவோம்.

முதலாவது, 1993-இன் 'ஜே.பி.இ.'. பார்முலா 1 ஓட்டுநராக இருந்த ஜானதன் பாமரின் பெயரைத் தாங்கியது. 250 குதிரைத்திறன்; மணிக்கு 60 மைல் வேகத்தை மூன்றரை விநாடியளவில் எட்டியது. எடையைக் குறைப்பதற்காக முன் கண்ணாடியையும் எடுத்துவிட்டார்கள். பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் கார் அங்கே எஞ்சினுக்குப் பணியாள் ஆகிவிட்டது.

இரண்டாவது, 1991-இல் வந்த ரோவர் 'கே' வரிசை எஞ்சின். 1.4 லிட்டர், நூறுக்குச் சற்று மேற்பட்ட குதிரைத்திறன். முழுவதும் அலுமினியம், எஞ்சினின் அடுக்குகளை மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் நீண்ட போல்ட்டுகளால் ஒன்றாக இறுக்கிய புதுமையான அமைப்பு. பழைய இரும்பு எஞ்சினை எடுத்துவிட்டு இதை வைத்தபோது, திறன் ஏறியது. மூக்கின் பாரம் இறங்கியது. இரண்டும் ஒருசேரக் கிடைப்பது அரிது. குறையும் உண்டு: ஹெட் கேஸ்கட் பழுதாகும் என்ற கெட்ட பெயரை, இந்த வரிசை பிற கார்களில் வாங்கியது. 2005-இல் எம்.ஜி. ரோவர் நிறுவனம் வீழ்ந்ததும் எஞ்சினின் ஊற்றும் அடைபட்டது. உதிரிப் பாகம் எதுவரை கிடைக்கும் என்பதும் தேர்வில் ஓர் அங்கம் என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது, 2021-இன் '170'. ஜப்பானியச் சிறு கார்களுக்குரிய சுசுகி எஞ்சின். மூன்று சிலிண்டர், 660 கன செ.மீ., டர்போ துணையுடன் 84 குதிரைத்திறன். கார் எடை 440 கிலோ. டயர் அகலம் 155 மி.மீ. நெடுஞ்சாலையில் பெரிய கார்களை முந்த இது திணறும். ஒற்றைத் தண்டான பின் அச்சு மேடு பள்ளத்தில் உதறும். ஆயினும் எஞ்சின், டயர், பிரேக், எடை நான்கும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்பது இதில்தான். ஓட்டுநர் எஞ்சினின் முழுத் திறனையும் சாலையிலேயே பயன்படுத்திப் பார்க்கலாம்.

வேகத்தின் எல்லையைத் தொட்டுப் பார்ப்பதும் ஒரு நியாயமான ஆசைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான், அதற்குத் தடம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. சாலைக் காருக்கு மாற்று எஞ்சின் தேடுபவருக்கு என் தீர்ப்பு: இவற்றில் ரோவர் எஞ்சின் காட்டிய வழியே சிறந்தது; சுசுகி எஞ்சின் அதன் நேர்மையான வாரிசு.

இனி மின் மோட்டார் வரப்போகிறது. 2023-இல் கேட்டர்ஹாம் 240 குதிரைத்திறன் கொண்ட மின் செவன் ஒன்றைச் சோதனை வடிவமாக அறிவித்தது. எடையை 700 கிலோவுக்குள் நிறுத்துவதே அதன் இலக்கு. மோட்டார் சிறியது, பாட்டரிதான் பாரம். எரிபொருள் மாறினாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மாறவில்லை.

நீங்களும் எந்த வண்டியைப் பற்றியேனும் இத்தகைய பேச்சு எழும்போது, இந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்: புதிய எஞ்சினின் எடை என்ன? அந்த எடை எங்கே அமர்கிறது? முறுக்கு விசை எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது? பிரேக்கும் அச்சும் அதைத் தாங்குமா? உதிரிப் பாகம் கிடைக்குமா? குதிரைத்திறன் எவ்வளவு என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகு வரட்டும்.