தனித் தொகுதியில் எது தனி?

அவிநாசியும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டத்தின் தனித் தொகுதிகள். 'தனி' என்ற இந்தச் சொல்லைப் பழகிப்போன வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எது தனி? நிற்கிறவர் தலித்தாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவரைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற இடத்தில் எதுவும் தனியாக இல்லை. அங்கே ஊரும் வளவும் ஒரே வரிசை. ஊர் பெரிது, வளவு சிறிது.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, தீண்டப்படாத மக்களுக்கு இரண்டு ஓட்டுக் கொடுத்தது. பொதுவில் ஒன்று, தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்க இன்னொன்று. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. மிச்சம் ஒன்று இருந்தது: முதலில் தலித்துகள் மட்டும் ஓட்டுப்போட்டு நான்கு பேரைத் தேர்வு செய்வார்கள், அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அதற்கும் ஆயுள் பத்து ஆண்டுதான். 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்து எஸ். நாகப்பா கேட்டது இன்னும் குறைவு. தனித் தொகுதியில் ஜெயிக்கிறவர் தலித்துகள் போட்ட ஓட்டில் 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும் என்றார். அதையும் ஏற்கவில்லை. திருத்தத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆக நம் கையில் மிஞ்சியது, ஒரு ஓட்டுக் கூடுதலாக வாங்கியவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் முறை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் அ.தி.மு.க. 44 சதவீத ஓட்டுக்கு 39இல் 37 இடங்களை எடுத்தது. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுமில்லை. அதே தேர்தலில் நாடு முழுக்க 2 கோடிக்கு மேல் ஓட்டு வாங்கி, ஓட்டு விகிதத்தில் மூன்றாவதாக வந்த பகுஜன் சமாஜ் கட்சிக்கும் பூஜ்யம். 2016இல் காட்டுமன்னார்கோவிலில் தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். அவருக்கு விழுந்த 48 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு என்ன ஆனது? காதர்பேட்டையில் ஓட்டை விழுந்த பனியனுக்குக்கூட 'செகண்ட்ஸ்' என்று ஒரு விலை உண்டு. தோற்ற ஓட்டுக்கு அதுவும் கிடையாது.

எல்லாச் சாதிக்காரன் ஓட்டும் இப்படித்தானே வீணாகிறது என்று கேட்பார்கள். வீணாகும் விதம் வேறு. பொதுத் தொகுதிகளில் பெரிய கட்சிகள் இரண்டுமே பெரும்பாலும் ஊரின் செல்வாக்குள்ள சாதியில்தான் ஆள் நிறுத்துகின்றன. எது தோற்றாலும் அவர்கள் தோற்பதில்லை. தனித் தொகுதியிலும் இரண்டும் தலித்தைத்தான் நிறுத்துகின்றன. ஆனால் ஊர் முகம் சுளிக்காத தலித்தாகப் பார்த்து. டீக்கடைத் தனிக்குவளை, மயானப் பாதை, வீட்டுமனைப் பட்டா, பி.எஃப். இல்லாத பீஸ்ரேட் கூலி என்று எதைப் பேசினாலும், யாருடைய ஓட்டு வேண்டுமோ அவர்களையே பகைக்க வேண்டியிருக்கும். நல்ல மனிதர் ஜெயித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பவர்டேபிளில் தைக்கிற நம்ம பெண்கள் "யாரு வந்தா நமக்கென்ன" என்று சொல்வதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுக்காகப் போராடிய ஆதித்தமிழர் பேரவையின் இரா. அதியமான் 2021இல் அவிநாசியில் நின்றார், உதயசூரியன் சின்னத்தில். சுமார் 50 ஆயிரம் ஓட்டில் ப. தனபாலிடம் தோற்றார். சொந்தச் சின்னத்தில் நின்றால் "ஓட்ட வீணாக்காதீங்க" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அறிவுரை போலத் தோன்றும் அந்த வார்த்தை இந்த முறையின் மிரட்டல்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். தாராபுரத்தில் 2021இல் வித்தியாசம் 1,393 ஓட்டுதான். நாலைந்து வளவு நினைத்தால் முடிவே மாறியிருக்கும். பேரம் பேச இது பலம், உண்மை. ஆனால் தோற்கடிக்கிற பலம் வேறு, பேசுகிற வாய் வேறு. அங்கே ஜெயித்த கயல்விழி செல்வராஜ் மாநிலத்திலும், தோற்ற எல். முருகன் டெல்லியிலும் அந்த ஆண்டே அமைச்சரானார்கள். கட்சிக்குத் தேவை என்றால் தோற்ற வேட்பாளருக்கும் வழி உண்டு. தோற்ற ஓட்டுக்குத்தான் வழியில்லை.

நேபாளத்தில் 2008இல் அரசியல் நிர்ணய சபையின் 601 இடங்களில் 335 இடங்களை விகிதாசாரப் பட்டியலில் நிரப்பினார்கள். பட்டியலில் தலித்துகளுக்குப் பங்கு கட்டாயம். அந்த வழியாகத்தான் அவர்கள் கணிசமாக உள்ளே போனார்கள். ஆனாலும் பட்டியலை எழுதுகிற பேனா கட்சித் தலைமையின் கையில். அங்கேயும் தலையாட்டுகிற ஆளைத் தேட முடியும். அதனால் விகிதாசாரம் மட்டும் கேட்டால் போதாது. வேட்பாளரைத் தலித்துகளே முதலில் தேர்வு செய்யும் அந்தப் பழைய உரிமையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை என்பது படிவம் 20இல் வெளிவருகிறது. அவிநாசி, தாராபுரம் இரண்டுக்கும் அதை எடுத்து, வளவு ஓட்டுப் போடும் சாவடிகளைக் குறித்து, வளவு யாரைக் கேட்டது, கிடைத்தது யார் என்று தேர்தல் வாரியாக எழுதிப் பார்க்கலாம். எந்த வளவு யாருக்குப் போட்டது என்று ஊர்க்காரர்கள் கணக்குப் பார்ப்பதும் இதே தாளில்தான். அவர்கள் படிக்கிறார்கள். நாம்தான் இன்னும் படிக்கவில்லை.