பயமுறுத்திய படங்கள்

சினிமாவில் பேயைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்மையில் மிகவும் குறைவு. கொட்டகையில் கூச்சல் போடுகிறவர்கள் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரரின் கையைப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் விளக்குப் போட்டதும் அவர்களே சிரித்துக்கொண்டு வெளியே போய்க் காப்பி சாப்பிடுகிறார்கள். இதற்குத் திடுக்கிடல் என்று பெயர். பயம் என்று பெயரில்லை. காதுக்குப் பின்னால் ஒரு காகிதப் பையை ஊதி உடைத்தால் யாரும் திடுக்கிடத்தான் செய்வார்கள். அதற்குக் கலைஞன் வேண்டியதில்லை, பை போதும்.

ஒரு படம் நிஜமாகவே பயமுறுத்தியதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், பார்த்தவர் வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்தார் என்று விசாரிக்க வேண்டும். ஹிட்ச்காக் தமக்கு வந்த கடிதம் ஒன்றைப் பற்றிச் சொல்வதுண்டு. யாரோ ஒரு தகப்பனார் எழுதியிருந்தாராம்: ‘லே தியாபோலிக்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவர் பெண் தொட்டியில் உட்கார்ந்து குளிக்க மறுத்துவிட்டாளாம், இப்போது ‘சைக்கோ’வைப் பார்த்துவிட்டு ஷவரில் நிற்கவும் மாட்டேன் என்கிறாளாம், என்ன செய்வது என்று கேட்டிருந்தாராம். அப்படியானால் பெண்ணைச் சலவைக்குப் போட்டுவிடுங்கள் என்று இவர் பதில் எழுதினாராம். ஹிட்ச்காக் கதை கட்டுவதில் சமர்த்தர். கடிதம் நிஜமாகவே வந்ததா என்பதைப் பற்றி நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனால் விமரிசனம் என்ற முறையில் பார்த்தால், இரண்டு படங்களைப் பற்றியும் இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிடவில்லை.

நம் பாட்டிமார் சொன்ன பேய்க் கதைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பேய்க்கு ஒரு விலாசம் உண்டு. ஊர்க்கோடிப் புளிய மரம், பாழுங்கிணறு, மயானத்துக்குப் போகிற பாதை. உச்சி வேளையிலும் நடு நிசியிலும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டுவிட்டால் க்ஷேமம். டிராகுலாவின் கோட்டையும் ஒரு புளிய மரந்தான். கொஞ்சம் தூரத்தில் இருக்கிற புளிய மரம். அந்த இடங்களை நாம் ஒரு நாளும் நம்பியதில்லை. நம்பாததை வைத்து நம்மை ஏமாற்ற முடியாது. ஜனங்களை உண்மையாகவே நடுங்க வைத்த படங்கள் மரத்தை விட்டுவிட்டு, நாம் நம்பியிருக்கிறோம் என்ற நினைவுகூட இல்லாமல் நம்பியிருக்கிற ஏதோ ஒன்றின்மேல் கை வைத்தவை. என் அபிப்பிராயத்தில் இந்தச் சமாசாரத்தின் சூக்ஷுமம் அவ்வளவும் இதில்தான் இருக்கிறது.

இதை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர். சினிமாவுக்கு வருமுன் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர் என்பதில் எனக்கு ஒரு ஜாதி அபிமானம் உண்டு. 1942ல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ அவரைக் கூப்பிட்டு, ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்காமல் பயங்கரப் படங்கள் எடுத்துத் தரச் சொல்லிற்று. படத்தின் பெயரை ஸ்டுடியோவே கொடுத்துவிடும்; கதையை இவர் பண்ணிக்கொள்ள வேண்டும். அப்படிக் கொடுத்த முதல் பெயர் ‘கேட் பீப்பிள்’, அதாவது பூனை மனிதர்கள். இந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் மயிர் ஒட்டிய முகமூடிதான் ஞாபகத்துக்கு வரும். முகமூடிக்குப் பணம் இல்லை, நல்ல வேளை. லூட்டனும் டைரக்டர் ஜாக் டூர்னரும் அதற்குப் பதிலாக, கோபமோ காதலோ வந்தால் தான் சிறுத்தையாகிவிடுவோம் என்று நம்புகிற ஒரு பெண்ணைப் படைத்தார்கள். அவள் நம்புவது நிஜமா, பிரமையா என்பது படம் வெகுதூரம் போகும்வரை நமக்குத் தெரியாது.

அதில் ஒரு காட்சி. அவள் கணவனுடன் வேலை செய்கிற ஆலிஸ் என்ற பெண், இரவில் பார்க் ஓரமாகத் தனியே நடந்து போகிறாள். பின்னால் இவள் வருகிறாள். குதிகால் செருப்புகளின் சப்தம் மட்டும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. திடீரென்று பின்னால் வந்த சப்தம் நின்றுபோகிறது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. ஆலிஸ் திரும்பிப் பார்க்கிறாள். நடைபாதை காலியாக இருக்கிறது. அப்போது ஒரு சீறல். சிறுத்தை பாய்ந்துவிட்டது என்று நாம் நாற்காலியை விட்டு எழும்போது, பஸ் ஒன்று பிரேக் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. டிரைவர் அவளை ஏற்றிக்கொண்டு போகிறான். இந்த வெட்டைச் செய்தவர் மார்க் ராப்ஸன் என்ற எடிட்டர். இதன் பிறகு லூட்டன் கோஷ்டியில் இந்த மாதிரித் தந்திரத்துக்கெல்லாம் ‘பஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அன்று தொட்டு எண்ணிலடங்காத படங்களில் கதவும் பூனையும் டெலிபோனும் பஸ்ஸாக வந்து போயிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை காகிதப் பைதான். லூட்டனின் பஸ் வருவதற்கு முன்னால் செருப்புச் சப்தம் நின்றுபோயிற்று என்பதை மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். முதலில் ஆளை அரள வைக்க வேண்டும் என்பது பழமொழியிலேயே இருக்கிறது. இருட்டு பிறகு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இதே படத்தில், கணவன் வேலை செய்யும் ஆபீசுக்குள் நிஜச் சிறுத்தை வந்து நிற்கிற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சமும் பயமாக இல்லை.

இல்லாமை உபகாரமாக முடிந்த கதை 1974லும் ஒரு தடவை நடந்தது. ஸ்பீல்பெர்க் ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்வித்த இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் இறங்கியதும் படுத்துவிட்டது. 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா இல்லாமல் சுறாப் படம் எடுக்க வேண்டிய தலைவிதி. தண்ணீரின் மேல்மட்டம், நீந்துகிறவர்களின் கால்கள், ஜான் வில்லியம்ஸ் போட்ட இரண்டே ஸ்வரங்கள். சுறா நன்றாகத் தலையைக் காட்டுவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. அதற்குள் ஜனங்களுக்குக் கடலின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. இதில் ஒரு கஷ்டம் உண்டு. பயந்தவன் கரையில் நின்றுவிட்டால் பாதகமில்லை. துப்பாக்கியையும் தூண்டிலையும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களும் இருந்தார்கள். சுறாவைக் கொன்று பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது ஒரு வீரமாயிற்று. மூல நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி இதைப் பார்த்து மனம் நொந்து, 2006ல் இறக்கும்வரை சுறாக்களைக் காப்பாற்றுவதற்காகவே எழுதியும் பேசியும் வந்தார். சுறாவைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு அந்த நாவலைத் தம்மால் எழுதியிருக்க முடியாது என்றும் சொன்னார். கதை எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். புளிய மரத்துப் பேய்க்கு நம் கதைகளால் ஒரு நஷ்டமும் இல்லை. உயிருள்ள பிராணிக்கு உண்டு.

குளியலறைக்கு வருவோம். ‘லே தியாபோலிக்’ 1955ல் க்ளூஸோ எடுத்தது. கொடுமைக்காரனான ஒரு பள்ளிக்கூட நிர்வாகி. அவன் மனைவியும் ஆசைநாயகியும் சேர்ந்துகொண்டு அவனைத் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறார்கள். உடலைக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் போடுகிறார்கள். குளத்துத் தண்ணீரை இறைத்துப் பார்த்தால் உடலைக் காணோம். அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. கதையை மற்றவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று படத்தின் முடிவில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அதற்குக் கட்டுப்படுவதுதான் மரியாதை. ஆனால் ரகசியம் தெரிந்த பிறகு இரண்டாம் முறை பார்க்கிறபோது, படத்தில் பாதி கழன்று விழுந்துவிடுகிறது. அழுக்கேறிய பள்ளிக்கூடம் நிற்கிறது, பையன்களுக்குப் போடுகிற ஊசல் மீன் நிற்கிறது, ஸிமோன் ஸின்யொரேயின் அலக்ஷியமான முகம் நிற்கிறது. பயம் நிற்கவில்லை.

‘சைக்கோ’ அப்படியில்லை. 1960ல் வந்த இந்தப் படத்தின் ரகசியம் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டு பார்த்தாலும் அந்த ஷவர் காட்சி வயிற்றைக் கலக்குகிறது. முக்கால் நிமிஷத்துக்கு ஒரு வாரம் படம் பிடித்தார்கள். ரத்தம் என்று நாம் பார்ப்பது சாக்லேட் பாகு. கத்தி பாய்கிற சப்தம் ஒரு முலாம்பழத்தைக் குத்திப் பதிவு செய்தது. அந்த இடத்தில் சங்கீதமே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் நினைத்திருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் அவர் சொன்னதைக் கேட்காமல் வயலின்களை வீறிட வைத்தார். இதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்ட விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

கதாநாயகி நாற்பதாயிரம் டாலரைத் திருடிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். ராத்திரி ஒரு பாதையோர விடுதியில் தங்குகிறாள். விடுதிக்காரப் பையனிடம் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்ததில் அவள் மனம் மாறுகிறது; விடிந்ததும் திரும்பிப் போய்ப் பணத்தைக் கொடுத்துவிடுவது என்று தீர்மானிக்கிறாள். எவ்வளவு செலவாகிவிட்டது என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, அதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறாள். நாவல் படித்துப் பழகிய எந்த வாசகருக்கும் இந்த இடத்தில் கதை எங்கே போகும் என்று தெரியும்: பாவம், பச்சாத்தாபம், திரும்புதல். படத்தில் பாதிகூட ஆகவில்லை. அப்போது அவள் கொல்லப்படுகிறாள். பிரசித்தி பெற்ற நட்சத்திரம் ஜேனட் லீ பாதிப் படத்தில் செத்துப்போவார் என்று யார் எதிர்பார்த்தார்கள்? கதை சொல்கிறவன் கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் வந்துகொண்டிருந்தோம். நடுவழியில் அவன் கையை உதறிவிட்டான். குளியலறையைவிட இதுதான் பெரிய அதிர்ச்சி என்று எனக்குத் தோன்றுகிறது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். கதைசொல்லியே கைவிட்டால் எந்தக் கதவைத் தாழ்ப்பாள் போடுவது?

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அந்தப் பையன் அறையைக் கழுவித் துடைத்துவிட்டு, பிணத்தைக் காரில் போட்டுச் சதுப்பில் தள்ளுகிறான். கார் பாதி முழுகி, சட்டென்று நின்றுவிடுகிறது. கொட்டகை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழுகிவிட வேண்டுமே என்று தவிக்கிறது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்காகப் பதறிய அதே ஜனங்கள்! நம்மை நாமே நம்ப முடியாது என்பதை ஹிட்ச்காக் இவ்வளவு லகுவாகக் காட்டிவிடுகிறார். கடைசியில் ஒரு மனோதத்துவ டாக்டரைக் கொண்டுவந்து உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கச் சொல்லியிருக்க வேண்டாம். எழுத்தாளர்கள் முன்னுரையில் பண்ணுகிற தவற்றை இவர் முடிவுரையில் பண்ணியிருக்கிறார்.

ஜேனட் லீ பிற்காலத்தில் எழுதியதைப் பார்த்தால், படம் வந்த பிறகு அவரே ஷவரில் குளிப்பதை விட்டுவிட்டாராம். அந்தத் தண்ணீரில் ஒரு வாரம் நின்றவர் அவர். ரத்தம் சாக்லேட் என்று அவருக்குத் தெரியாதா?

1973ல் வந்த ‘எக்ஸார்ஸிஸ்ட்’டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். குளிரில் வரிசையில் நின்று டிக்கட் வாங்கினார்கள், உள்ளே மூர்ச்சை போட்டு விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள். தலை முதுகுப் பக்கம் திரும்புவதும் பச்சைக் கஞ்சியும் எனக்கு வெறும் சர்க்கஸ். ஆனால் பிசாசு என்று யாரும் பேர் சொல்வதற்கு முன்னால், பன்னிரண்டு வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் கழுத்தில் ஊசி ஏற்றிப் படம் எடுக்கிறார்களே, அந்த இடம் தாங்க முடியாதது. டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தாய் வாசலில் நிற்கிறாள். பெற்றவர்கள் யாருக்கும் அதற்கு மேல் பிசாசு தேவைப்படாது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிக்கிற படம் ‘தி ஹாண்டிங்’. 1963ல் வந்தது. ஷெர்லி ஜாக்ஸனின் நாவலை வைத்து ராபர்ட் வைஸ் எடுத்தார். லூட்டனிடம் டைரக்டராக ஆரம்பித்தவர். இதற்கு இரண்டு வருஷம் கழித்து ‘ஸவுண்ட் ஆப் மியூஸிக்’ எடுத்து உலகத்தையே பாட வைத்தவரும் இவர்தான். படம் முழுவதிலும் ஒரு பேயைக்கூட அவர் காட்டவில்லை. ஒரு கதவு மட்டும் மூச்சு விடுவதுபோல் உப்பித் தணிகிறது. எலினார் என்ற பெண். பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்த தாயாருக்குச் சிசுருஷை செய்தே வயசைக் கழித்துவிட்டவள். கல்யாணம் இல்லை, சொந்த வீடு இல்லை. பேய் வீட்டை ஆராய வருகிறவர்களில் ஒருத்தியாக அவளையும் அழைக்கிறார்கள். அவள் வாழ்க்கையில் அவளை யாரும் எங்கும் அழைத்ததில்லை. முதல் நாள் ராத்திரி சுவரில் யாரோ தட்டுகிற சப்தம் கேட்கிறது. அரைத் தூக்கத்தில் எழுந்துகொண்டு, இதோ வருகிறேன் என்று பதில் சொல்கிறாள். அம்மா மருந்துக்காகத் தட்டுகிறாள் என்று நினைத்துவிட்டாள். அம்மா இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. அம்மா போன ராத்திரியும் சுவரில் தட்டத்தான் செய்தாள், இவள் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு ராத்திரி இருட்டில் குழந்தை ஒன்று அழுகிற குரல் கேட்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் தோழியின் கையை எலினார் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கை நெரிக்கிறது, பொறுத்துக்கொள்கிறாள். விளக்கைப் போட்டால் தோழி அறையின் மறு கோடியில் இருக்கிறாள். நாவலில் இது ஒரு பக்கந்தான். இதைப் படித்த பின் கொஞ்ச நேரம் என் கையை நான் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன் என்பதை ஒளிப்பானேன்.

ஆனால் எலினாருக்கு வருகிற பெரிய பயம் அது அல்ல. அவளுடைய நிலைமையைப் பார்த்துவிட்டு, அவளை உடனே ஊருக்கு அனுப்பிவிடுவது என்று மற்றவர்கள் கூடித் தீர்மானிக்கிறார்கள். அப்போதுதான் அவள் முகம் வெளுத்துப்போகிறது. இங்கேயே இருக்கிறேன் என்று கெஞ்சுகிறாள். பேய் வீட்டை விட்டால் அவளுக்குப் போக இருக்கிற இடம் அக்கா வீட்டு ஹாலில் ஒரு ஸோபா.