வாசகர் சொல்லும் அபிப்பிராயம்

புத்தகம் படிப்பவர்கள் எல்லோரும் இப்போது அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுத்தாளர்களில் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நாவலுக்கும் வெறும் கதைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்கூடத் தராசைக் கையில் எடுத்துவிட்டார்களாம். இது என்னவோ நேற்று முளைத்த வியாதி என்பதுபோல் பேசுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முதன்முதலில் ஒருவன் கதை சொன்ன அன்றே, அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில், "போன தடவை சொன்னது இதைவிட நன்றாயிருந்தது" என்று சொன்னவனும் இருந்திருப்பான். அவன் சொன்னதனால் எழுதுகிறவனுக்கும், இனிமேல் படிக்கப்போகிறவனுக்கும் ஏதாவது பிரயோசனம் உண்டா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஜேன் ஆஸ்டின் நினைவுக்கு வருகிறார். அவருடைய 'மான்ஸ்ஃபீல்டு பார்க்' 1814-ல் வெளிவந்தது. 'எம்மா' 1815 டிசம்பரில் வந்தது. இந்த இரண்டு நாவல்களையும் பற்றி வீட்டாரும் உறவினரும் அறிந்தவர்களும், அறிந்தவர்களுக்கு அறிந்தவர்களும் என்ன சொன்னார்கள் என்பதை அந்த அம்மாள் தம் கையாலேயே எழுதி வைத்தார். அந்தக் காகிதங்கள் அழியாமல் தப்பிப் பிழைத்து அச்சிலும் வந்திருக்கின்றன. ஒரு நாவலாசிரியை விட்டுப்போன சொத்துக்களில் இதுவும் சிறந்த ஒன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதில் புகழ்ச்சி மட்டும் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். பெற்ற தாயாரே 'மான்ஸ்ஃபீல்டு பார்க்'கின் கதாநாயகி ஃபானி சப்பென்று இருக்கிறாள் என்கிறார். ஆனால் சிடுசிடுப்புக்காரி நாரிஸ் அம்மாளை ரசித்திருக்கிறார். உடன்பிறந்தார் குழந்தைகளில் ஒருவருக்கு ஃபானியைக் கட்டோடு பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. முந்திய இரண்டு நாவல்களையும் சுத்த அபத்தம் என்று தள்ளிவிட்ட ஒரு சீமாட்டி, இதன் முதல் பாகத்தை முடித்ததும், கஷ்டமான கட்டம் தாண்டிவிட்டது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டிருக்கிறார். 'எம்மா'வைப் பற்றிய குறிப்புக்களில் இரண்டு அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டியவை. 'எடின்பரோ ரெவ்யூ' பத்திரிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி, பெரிய பெரிய கவிகளையெல்லாம் நடுங்க வைத்த விமரிசகர், இந்தப் புத்தகத்தினால் மூன்று இரவு தூக்கம் கெட்டாராம். மற்றொரு கனவானோ முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தாராம். காரணம், புத்தகம் சுவாரசியமாக இல்லை என்று யாரோ சொல்லக் கேள்விப்பட்டிருந்தார்!

ஜேன் ஆஸ்டின் இவர்களில் யாருக்கும் அந்தக் காகிதத்தில் பதில் எழுதவில்லை. மூன்று இரவு விழித்தவரும் இரண்டு அத்தியாயம் படித்தவரும் அங்கே ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 'மான்ஸ்ஃபீல்டு பார்க்'குக்கு 1816-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அவர் சில திருத்தங்கள் செய்தார். ஆனால் ஃபானி பழைய ஃபானியாகவே இருந்தாள். கேட்டுக்கொள்வது வேறு, கீழ்ப்படிவது வேறு என்பதை அந்த அம்மாள் நன்றாக அறிந்திருந்தார்.

இந்தக் குறிப்புக்களைப் படித்துப் பார்த்தால், வாசகர் அபிப்பிராயம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் மூன்று தினுசுகள் கலந்து கிடப்பது தெரியும். ஒன்று, வெறும் ருசி. எனக்குப் பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு அது நின்றுவிடும். கத்தரிக்காய் பிடிக்காதவனிடம் வாதாடுவது எப்படி வீணோ, அப்படித்தான் இதனோடு வாதாடுவதும். இரண்டாவது, வேறொரு புத்தகத்தை அளந்த கோலைக்கொண்டு இந்தப் புத்தகத்தை அளப்பது. மூன்றாவது, புத்தகத்துக்குள் இருக்கும் ஒன்றை உள்ளபடி பார்த்துச் சொல்வது. இந்த மூன்றாவது அபூர்வம். இரண்டாவதுதான் அதிகம், அதனால் விளையும் தீங்கும் அதிகம்.

சரித்திர நாவல், துப்பறியும் நாவல், குடும்ப நாவல், ஹாஸ்யம், பிரயாண நூல், சுயசரிதம் என்று நாம் படிக்கிற புத்தகங்கள் பல ஜாதி. ஒவ்வொன்றும் வாசகரோடு ஒவ்வோர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. துப்பறியும் நாவல், முடிச்சை அவிழ்ப்பதாக வாக்குக் கொடுக்கிறது. அவிழ்க்காவிட்டால் கோபித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' நதியோடு நம்மை அழைத்துப்போவதாக வாக்குக் கொடுக்கிறது. அதில் கதை எங்கே என்று கேட்பது நியாயமில்லை. உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1942-ல் அவர் காலமானதோடு பாதியில் நின்றுபோயிற்று. நாவலுக்குரிய முடிவை எதிர்பார்த்து அதைப் படிப்பவர் ஏமாந்துபோவார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஒரு மனிதரோடு கூட நடக்கத் தயாராக இருப்பவருக்கு அது பாதியில் நின்றது ஒரு குறையாகவே தோன்றாது.

தேவனுடைய துப்பறியும் சாம்புவை எடுத்துக்கொள்ளுங்கள். தடயம், தர்க்கம், சந்தேகத்துக்குரிய ஐந்து பேர் என்று தேடிக்கொண்டு போகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. சாம்பு எதையும் துப்பறிவதில்லை. அசட்டுத்தனமாக ஏதோ செய்கிறான், அதிர்ஷ்டம் மற்றதைப் பார்த்துக்கொள்கிறது. துப்பறியும் கதை என்று அளந்தால் பூஜ்யம். ஆனால் துப்பறியும் கதையையே கேலி செய்து, அதன் வழியாக நம் ஊர் மனிதர்களைக் காட்டும் ஹாஸ்யம் என்று அளந்தால், அந்த அளவில் தேறும் புத்தகங்கள் தமிழில் அதிகமில்லை. பெயரில் 'துப்பறியும்' என்று இருப்பதனால் கோலைத் தப்பாக எடுத்துவிடக் கூடாது.

இந்தத் தவற்றை வாசகர்கள்தாம் செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுத்தாளர்களும் செய்கிறார்கள். கானன் டாயில் தம்முடைய சரித்திர நாவல்களைத்தான் உயர்வாக மதித்தார். 1891-ல் வந்த 'ஒயிட் கம்பெனி' போன்றவைதாம் தம் பெயரை நிறுத்தும் என்பது அவர் எண்ணம். ஷெர்லாக் ஹோம்ஸ் அந்த நல்ல வேலைக்குக் குறுக்கே நிற்கிறான் என்று நினைத்து, 1893-ல் அவனை ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு நீர்வீழ்ச்சியில் தள்ளிவிட்டார். வாசகர்கள் கொதித்தார்கள், கடிதங்கள் குவிந்தன. 1901-ல், ஹோம்ஸ் இறப்பதற்கு முன் நடந்ததாக ஒரு நாவலைத் தொடங்கினார். 1903-ல் அவனை உயிரோடேயே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். சரித்திர நாவல் என்றால் மேல் ஜாதி, துப்பறியும் கதை என்றால் கீழ் ஜாதி என்று ஆசிரியர் வரிசை வைத்தார். எது உயிரோடு இருக்கிறது என்று மட்டும் வாசகர்கள் பார்த்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, வாசகர்கள் பார்த்தது சரி என்றுதான் நமக்குத் தெரிகிறது.

நம்மிடையே கல்கியின் அனுபவம் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை தொடர்கதையாக வந்து முடிந்தபோது, முடிவு திருப்தி தரவில்லை, இன்னாருக்குப் பிறகு என்ன ஆயிற்று, அன்னாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். அவர் ஒரு முடிவுரை எழுதினார். முழுக்க முழுக்கக் கற்பனையானால் பாத்திரங்களை ஒரு வழி பண்ணிவிட்டுக் கதையை முடித்துவிடலாம், சரித்திர நாவலில் அப்படிச் செய்வதற்கில்லை என்ற கருத்தை அதில் விளக்கினார். பிறகு பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்பதையும் பொறுமையாகச் சொன்னார். ஒரு ஜாதிப் புத்தகத்துக்கு உரிய எதிர்பார்ப்பை இன்னொரு ஜாதிப் புத்தகத்திடம் வைக்கக் கூடாது என்று ஓர் ஆசிரியர் தம் வாசகர்களுக்கு மரியாதையாகப் பாடம் சொன்ன இடம் அது. அதே சமயத்தில், ஐந்து பாகம் படித்தவர்கள் கேட்ட கேள்வியை அவர் அலட்சியம் செய்யவும் இல்லை.

இனி, மூன்றாவது தினுசுக்கு வருகிறேன். என் சித்தி ஒருத்தி நூல்நிலையத்திலிருந்து கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து வந்து படிப்பவள். பெயர் பெற்ற ஒரு குடும்ப நாவலை அவள் ஒரு சமயம் படித்து முடித்தாள். அதன் மனப்போராட்டத்தைப் பற்றி விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "நன்றாய்த்தான் எழுதியிருக்கிறான். ஆனால் இந்த வீட்டிலே எல்லோரும் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள், ஒருத்தரும் சமைக்கக் காணோமே அப்பா!" என்றாள். நான் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வாஸ்தவம். அந்த வீட்டில் காப்பி வருகிறது, பலகாரம் வருகிறது, அடுப்படி இல்லை. நாவலின் பெண்கள் எல்லோரும் சதா ஜன்னலோரத்தில் நின்று யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுடைய துயரம் ஏன் மனத்தில் ஒட்டவில்லை என்பதற்குக் காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆசிரியருக்கு அவர்களுடைய பகல்பொழுது தெரியாது. விமரிசகர்கள் யாரும் இதைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் அது தெரியாதோ என்னவோ.

விமரிசகர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. க. நா. சுப்ரமண்யம், சி. சு. செல்லப்பா போன்றவர்கள் கறாராக இருந்திராவிட்டால், எது அதிகமாக விற்கிறதோ அதுவே இலக்கியம் என்ற நிலை வந்திருக்கும். 1959-ல் செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது, கூட்டத்துக்குப் பிடித்ததா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அது அவசியமான காரியம். ஆனால் விமரிசகர் பல புத்தகங்களின் நடுவே ஒரு புத்தகத்தை வைத்துப் பார்க்கிறார்; வாசகர் தம் வாழ்க்கையின் நடுவே அதை வைத்துப் பார்க்கிறார். இரண்டு பார்வையும் தாங்குகிற புத்தகம்தான் நிற்கும்.

வாசகர் தம் வாழ்க்கையை வைத்துப் பார்க்கும்போது இன்னொரு அபாயமும் உண்டு. இப்படி ஒரு பெண் இருக்கலாமா, இப்படி ஒரு தாய் செய்யலாமா என்று பாத்திரத்தின் மேல் வழக்குத் தொடுத்துவிடுவார்கள். 1966-ல் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' ஆனந்த விகடனில் வந்தபோது அதுதான் நடந்தது. கெடுக்கப்பட்டு வந்த பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்ளும் தாயைப் பலரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஜெயகாந்தன் கதையை மாற்றவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. சரி, உங்கள் இஷ்டப்படியே அந்தத் தாய் ஏற்றுக்கொள்ளாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்னவாகும் என்று யோசித்தார். அதிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது. 1972-ல் அதற்கு சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. கோபமாக வந்த அபிப்பிராயத்தை ஒரு கேள்வியாக மாற்றிக்கொண்டு அதற்கு ஒரு நாவலாலேயே பதில் சொன்னதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. கடிதத்துக்குக் கடிதம் கதையைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஆசிரியரால் இதைச் செய்ய முடியாது. கடிதங்களைப் பிரிக்காமலே கிழித்துப் போடுகிறவராலும் முடியாது.

இதில் புத்தகத்துக்கு என்ன லாப நஷ்டம் என்று கேட்கலாம். நிறைய உண்டு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தபோது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்றும் அவற்றில் வைத்தார். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டமும் வந்தது. சட்டம் அலமாரியைக் கொடுக்கும். எந்தப் புத்தகத்தை எடுப்பது என்று சொல்லாது. அதைச் சொல்வது முன்பு படித்தவர்தான். நம் ஊரில் ஒரு நல்ல புத்தகம் நாலு பேர் கைக்குப் போவதும், தூசி படிந்து கிடப்பதும் பெரும்பாலும் அப்படி ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பொறுத்தது. 'சுவாரசியமில்லையாம்' என்று கேள்விப்பட்டு முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் புரட்டிய கனவான் இங்கிலாந்தில் மட்டும் இல்லை. அவரால் 'எம்மா'வுக்கு ஒன்றும் நேரவில்லை. நம்மிடையே ஐந்நூறு பிரதி அச்சாகும் ஒரு முதல் நாவலுக்கு அந்த ஒரு கனவானே எமனாகிவிடலாம்.

ஆகையால் என் போன்ற எழுத்தாளர்களின் சார்பில் வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். தாராளமாக அபிப்பிராயம் சொல்லுங்கள். 'பிரமாதம்', 'குப்பை' என்ற இரண்டு வார்த்தைகளோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், எந்த இடத்தில் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் படித்தீர்கள் என்று சொல்லுங்கள். துப்பறியும் கதையா, சரித்திரமா, பிரயாண நூலா, அது உங்களுக்கு என்ன தருவதாகச் சொன்னது, தந்ததா என்று பாருங்கள். முழுக்கப் படிக்கவில்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உங்கள் சிநேகிதரிடம் ஒரு புத்தகத்தைக் கொடுக்கும்போது இந்த விவரத்தோடு கொடுத்தால், அது அவருக்குரிய புத்தகம்தானா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்வார்.