கதவு சாத்துமுன் ஒரு வாய்

மைசூரில் சீம்பாலுக்குக் கிண்ணு என்று பெயர். வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து வேகவைத்தால் தளதளவென்று உறையும், எனக்கு உயிர். ஆனால் அதன் மகிமை முழுக்கத் தெரிவது பன்றிக் கொட்டிலில்தான். தாய்ப்பன்றியின் நஞ்சுக்கொடி நோய் எதிர்ப்புப் புரதத்தைக் கடத்துவதில்லை. குட்டி நிராயுதபாணியாகப் பிறக்கிறது. சீம்பாலிலுள்ள அந்தப் புரதத்தைக் குட்டியின் குடல் சிதைக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடுகிறது. சுமார் 24 மணி நேரத்தில் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பிறகு சுரக்கும் பாலிலுள்ள ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம், குடல் சுவரில் காவல் நின்று வயிற்றுப்போக்கு வைரஸை மறிக்கும். தாய்க்குப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி போட்டிருந்தால் அந்தக் காப்பும் குட்டிக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், அது தீரும்வரை குட்டிக்குப் போடும் ஊசி சரியாகப் பிடிக்காது. பன்றி வளர்ப்பவர்களே, கதவு சாத்துமுன் நோஞ்சான் குட்டியை முதலில் காம்பில் விடுங்கள்.